பால் கேனுக்குள் ஒரு நகரம்

1950 டிசம்பர் 1. வார்சா நகரத்தில் புதிய குடியிருப்புக்காக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த போலந்துத் தொழிலாளர்களின் கையில் இரண்டு பால் கேன்கள் அகப்பட்டன. அலுமினியக் கேன்கள். நம்மூர்ப் பால் சொசைட்டி வாசலில் விடிகாலையில் வரிசையாக நிற்குமே, வயிறு பெருத்துக் கழுத்து குறுகிய அந்த ரகம்தான். திறந்தால் உள்ளே காகிதம்.

நோவொலிப்கி தெருவில் பழைய 68ஆம் எண் கட்டடம் இருந்த இடம் அது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்தக் கட்டடத்தில் ஒரு யூதப் பள்ளிக்கூடம் நடந்தது. 1950இல் பள்ளியும் இல்லை, பக்கத்து வீடுகளும் இல்லை. யூதர்களை அடைத்து வைத்திருந்து, 1943இல் நாஜிகள் தெருத்தெருவாகக் கொளுத்தியும் வெடிவைத்தும் தரைமட்டமாக்கிய வார்சா கெட்டோவின் இடிபாட்டு மேட்டின் மேல்தான் முரானோவ் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. உடைந்த செங்கல்லை நொறுக்கி, அதையே புதுக் கல்லாக வார்த்துச் சுவர் எழுப்பினார்கள். கேன்கள் அந்த மண்ணுக்கடியில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் கிடந்திருக்கின்றன.

அவற்றுக்குள் போன காகிதத்தின் கதை 1940 நவம்பரில் ஆரம்பிக்கிறது. அந்த மாதம் 16ஆம் தேதி கெட்டோவின் வாயில்களை அடைத்தார்கள். சுமார் மூன்று மீட்டர் உயரச் சுவர். உள்ளே நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர். சுவர் மூடிய சில நாட்களில், லெஷ்னோ தெருவில் இருந்த எமானுவேல் ரிங்கெல்ப்ளூமின் வீட்டில் நாலைந்து பேர் கூடினார்கள். ரிங்கெல்ப்ளூம் வரலாற்று ஆசிரியர். மத்திய கால வார்சாவின் யூதர்களைப் பற்றி ஆய்வு செய்து 1927இல் முனைவர் பட்டம் வாங்கியவர். 1938இல் ஜெர்மனி விரட்டியடித்த போலந்து யூதர்கள் எல்லையோரத்து ஸ்போன்ஷின் ஊரில் தவித்துக் கிடந்தபோது ஓடிப்போய் அவர்களுக்கு உதவியவர். உதவிக்கொண்டே அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதியும் வைத்தவர். போர் மூளும் நேரத்தில் அவர் ஜெனீவாவில் ஒரு மாநாட்டில் இருந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். தங்காமல் வார்சாவுக்குத் திரும்பினார்.

அந்தக் கூட்டத்தில் உருவான ரகசியக் குழு யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் கூடியது. அதனால் ஓய்வுநாள் மகிழ்ச்சி என்று பொருள்படும் ‘ஓய்னெக் ஷாபெஸ்’ என்ற இத்திஷ் பெயரே அதற்குக் குறிப்பெயராக நிலைத்தது. ஐம்பது, அறுபது பேர். பொருளாதாரம் படித்தவர்கள், ரபிகள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள். இத்திஷ், போலிஷ், ஹீப்ரு என்று அவரவருக்கு வந்த மொழியில் எழுதினார்கள். முடிந்தவற்றுக்குப் பிரதி எடுத்தார்கள். பிடிபட்டால் மரணம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எதைச் சேர்ப்பது? இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட பதிலால்தான் அந்தக் கேன்கள் மற்ற ஆவணப் பெட்டகங்களிலிருந்து விலகி நிற்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய தாள், கச்சேரி அழைப்பிதழ், உணவகத்தின் விலைப்பட்டியல், ஜெர்மன் அதிகாரிகளின் சுவரொட்டி, அதற்கு எதிராக ஒளித்து அச்சடித்த பத்திரிகை, பிள்ளைகள் எழுதிய கட்டுரை. பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வீட்டு வாசலில், யாரைப் பார்க்க எத்தனை முறை மணியடிக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டைக்கூட விடவில்லை. ஒரு குடியிருப்பில் எவ்வளவு நெரிசல் என்பதை விளக்க நீண்ட அறிக்கை தேவையில்லை, அந்த ஒரு சீட்டு போதும். அதை எடுத்து வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அந்த மனிதரின் கண்ணை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

பெரெட்ஸ் ஒபோசின்ஸ்கி கெட்டோவுக்குள் கடிதம் பட்டுவாடா செய்தவர். அடிப்படையில் பத்திரிகையாளர். வயிற்றுப்பாட்டுக்காகத் தபால் பை சுமந்தார். ஒவ்வொரு மாடிப்படியிலும் ஏறியிறங்கியவர் என்பதால் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கடிதத்துக்குக் கட்டணம் கேட்டால் கதவைத் திறந்தவர் முகம் எப்படி மாறும் என்பதையும், சுவர் தாண்டி உணவு கடத்துபவர்கள் விடியுமுன் முற்றத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுதிக் குழுவிடம் கொடுத்தார்.

ராகேல் அவெர்பாக் லெஷ்னோ தெரு 40ஆம் எண்ணில் இலவசச் சூப்புக்கூடம் நடத்தினார். இலக்கிய விமர்சகர், சமையலறைக்கும் அவருக்கும் முன்பின் சம்பந்தம் கிடையாது. ரிங்கெல்ப்ளூம் கேட்டுக்கொண்டதால் பொறுப்பெடுத்தார். அங்கே வந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்டு வந்த திடகாத்திரமான மனிதர். அவரையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று அவெர்பாக் கூடுதல் சூப் கொடுத்துப் பார்த்தார். அவரும் செத்துப்போனார். ஒரு கூடம் நடத்திப் பசியை ஒழிக்க முடியாது, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தான் முடியும் என்ற தன் முடிவை அவர் மழுப்பாமல் எழுதிவைத்தார். தர்மம் செய்தவர் தன் தர்மத்தின் தோல்வியைத் தானே பதிவு செய்வது சாதாரணமாக நடப்பதில்லை.

இந்தக் குழுவின் மேல் எனக்கிருக்கும் பெரும் மரியாதைக்கு இந்த நேர்மைதான் காரணம். சாகப்போகிறவர்கள் தம்மைப் புனிதர்களாக வரைந்துகொண்டிருக்கலாம். கேட்பார் யாரும் இல்லை. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சொந்த மக்களையே அடித்து இழுத்துச் சென்ற யூதப் போலீஸ், லஞ்சம் வாங்கிய நிர்வாகிகள், நடைபாதையில் பிணம் கிடக்க உள்ளே விருந்துண்ட பணக்காரர்கள் எல்லோருமே அந்தக் காகிதங்களில் இருக்கிறார்கள். முழு உண்மை வேண்டும், கசந்தாலும் வேண்டும் என்று ரிங்கெல்ப்ளூம் பிடிவாதமாக இருந்தார்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1942 மே மாதம் ஒரு ஜெர்மன் படக்குழு கெட்டோவுக்குள் வந்தது. நன்றாக உடுத்தியவர்களாகப் பொறுக்கியெடுத்து உணவகத்தில் உட்காரவைத்து, மேசை நிறையப் பண்டங்களை அடுக்கிப் படம்பிடித்தது. கொல்பவனும் வரலாறு எழுதிக்கொண்டுதான் இருந்தான். அவன் படச்சுருள் மட்டும் மிஞ்சியிருந்தால் நமக்கு எந்த வார்சா கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், ஒரு ரேஷன் அட்டையைப் பத்திரப்படுத்துவதற்கு ஏன் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பது விளங்கும்.

காகிதங்களின் தன்மை 1942 தொடக்கத்தில் மாறியது. ஹெல்ம்னோ என்ற இடத்திலிருந்து ஸ்லாமெக் என்ற இளைஞர் தப்பி வந்தார். அங்கே யூதர்களை வண்டியில் ஏற்றி, பின்பகுதியை மூடி, புகையை உள்ளே செலுத்திக் கொன்றுகொண்டிருந்தார்கள். உடல்களைப் புதைக்கும் வேலையில் அவரைப் போட்டிருந்தார்கள். ஹெர்ஷ் வாசர், ப்ளூமா வாசர் தம்பதி அவரை உட்காரவைத்து, நாள் நாளாக என்ன நடந்தது என்று கேட்டு எழுதினார்கள். அந்தச் சாட்சியத்தை வைத்துக் குழு தயாரித்த அறிக்கை போலந்தின் தலைமறைவு இயக்கம் வழியாக லண்டனுக்குப் போனது. ஜூன் மாதம் பிபிசி போலந்து யூதர்களின் படுகொலையைப் பற்றி ஒலிபரப்பியபோது ரிங்கெல்ப்ளூம் மனநிறைவோடு குறிப்பெழுதினார். தங்கள் பாடு வீண் போகவில்லை, உலகம் அறிந்துவிட்டது என்று நம்பினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 22 அன்று வார்சாவிலேயே நாடுகடத்தல் தொடங்கியது. செப்டம்பர் 21 வரைக்கும் ஏறக்குறைய 2,65,000 பேரை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். தப்பி வந்து எச்சரித்த ஸ்லாமெக்கை அதற்கும் முன்பே, ஏப்ரலில், பெல்ஸெட்ஸ் கொலைமுகாமில் கொன்றுவிட்டிருந்தார்கள்.

தெருத்தெருவாகச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் காகிதங்களைப் புதைக்கும் முடிவு செயலானது. பொறுப்பு இஸ்ரயேல் லிக்டென்ஷ்டைனுடையது. பள்ளி ஆசிரியர். நோவொலிப்கி 68 பள்ளிக் கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர். அவருக்கு உதவியாக அவருடைய முன்னாள் மாணவர்கள் இருவர்: 19 வயது தாவித் கிராபெர், 18 வயது நாஹும் க்ஷிவாச். 1942 ஆகஸ்ட் முதல் வாரத்தில், நிலவறையில் குழி வெட்டி, பத்துத் தகரப் பெட்டிகளை இறக்கினார்கள்.

மூடுவதற்கு முன் தங்களைப் பற்றியும் ஆளுக்கு ஒரு தாள் எழுதி உள்ளே போட்டார்கள். கிராபெர், இந்தப் புதையல் வெளிவரும் நாளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, உலகத்தை நோக்கிக் கத்த முடியாததையெல்லாம் மண்ணில் புதைக்கிறோம் என்று எழுதினான். க்ஷிவாச் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் இருக்கும் கட்டடத்தை வளைத்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. ஓடிப்போய்ப் பார்க்கிறேன் என்று எழுதி, தன் பெயரை மறக்க வேண்டாம் என்றும் சேர்க்கிறான். லிக்டென்ஷ்டைன் நன்றியோ நினைவுச்சின்னமோ கேட்கவில்லை. தன்னை நினைவில் வைத்தால் போதும் என்றார். ஓவியரான தன் மனைவி கெலே செக்ஷ்டைனையும், 20 மாதக் குழந்தை மார்கலித்தையும் நினைவில் வைக்கச் சொன்னார். அந்த வயதிலேயே மகள் எவ்வளவு அழகாக இத்திஷ் பேசுகிறாள் என்று ஒரு தகப்பனுக்கே உரிய பெருமையோடு எழுதினார். கெலே தன் ஓவியங்களைப் பெட்டிக்குள் வைத்தார். பெரும்பாலும் குழந்தைகளின் முகங்கள். போருக்குப் பிறகு யூத அருங்காட்சியகம் ஒன்று வருமானால் இவற்றை அதற்குக் கொடுக்கிறேன் என்று எழுதினார்.

தகரப் பெட்டிகள் மண்ணுக்குள் போன பிறகும் எழுத்து நிற்கவில்லை. அந்தக் கோடையில் பிடித்துச் செல்லப்பட்ட ஆபிரகாம் கிஷெபிட்ஸ்கி ட்ரெப்ளிங்காவிலிருந்தே தப்பி வார்சாவுக்குத் திரும்பினார். அவெர்பாக் பல வாரங்கள் அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டு எழுதிய சாட்சியம் நூறு பக்கத்துக்கும் மேல் வந்தது. பியாசெச்னோ ரபி கலோனிமுஸ் ஷபிரா, கெட்டோவில் ஓய்வுநாள்தோறும் ஆற்றிய உரைகளைத் தொகுத்து, கண்டெடுப்பவர் இதைப் புனித நாட்டிலிருக்கும் தன் சகோதரருக்கு அனுப்ப வேண்டும் என்று வேண்டுகோளும் வைத்துக் கொடுத்தார். 1943 ஜனவரியில் கெட்டோ இளைஞர்கள் முதன்முறையாகத் துப்பாக்கி எடுத்தார்கள்; அவர்களுடைய அறைகூவல் தாள்களும் சேர்ந்தன. பிப்ரவரியில் இரண்டாம் பகுதியைப் புதைக்கும் வேளை வந்தபோதுதான் பால் கேன்கள் இந்தக் கதைக்குள் வருகின்றன. அதே லிக்டென்ஷ்டைன், அதே நோவொலிப்கி 68.

மூன்றாம் பகுதி ஷ்வியென்தோயெர்ஸ்கா தெரு 34இல், தூரிகைப் பட்டறை இருந்த இடத்தில் புதைக்கப்பட்டது. அப்போது ஏப்ரல். அம்மாதம் 19ஆம் தேதி நாஜிகளுக்கு எதிரான கெட்டோவின் ஆயுத எழுச்சி தொடங்கியது.

லிக்டென்ஷ்டைன், கெலே, மார்கலித் மூவரும் அந்த நாட்களில் மடிந்தார்கள். இரண்டு மாணவர்களும் மிஞ்சவில்லை. ஒபோசின்ஸ்கி ஜனவரியோடு காணாமல் போயிருந்தார். ரிங்கெல்ப்ளூமை ட்ராவ்னிகி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு போலந்து ரயில்வே ஊழியரும் ஒரு யூதப் பெண்ணும் அங்கிருந்து அவரை மீட்டுவந்தார்கள். வார்சாவின் க்ரூயெட்ஸ்கா தெருவில், மியெச்சிஸ்வாவ் வோல்ஸ்கி என்ற தோட்டக்காரர் தன் பசுமைக்குடிலுக்கு அடியில் அமைத்திருந்த பதுங்குகுழியில் சுமார் 40 பேர் ஒளிந்திருந்தார்கள். அங்கே மனைவி யூதித்தோடும் மகன் ஊரியோடும் இருந்த ரிங்கெல்ப்ளூம், போலந்தியருக்கும் யூதருக்கும் போர்க்காலத்தில் இருந்த உறவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1944 மார்ச் 7 அன்று பதுங்குகுழி பிடிபட்டது. சில நாட்களில் ஒளிந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இடம் கொடுத்த வோல்ஸ்கியும் அவருக்குத் துணைநின்ற உறவுப் பையனும் கொல்லப்பட்டார்கள். இத்தனை பேரைக் கொண்ட குழுவில் போர் முடிந்து உயிரோடு எழுந்தவர்கள் மூவர்: ஹெர்ஷ் வாசர், ப்ளூமா வாசர், ராகேல் அவெர்பாக்.

புதைத்த இடம் தெரிந்தவர் ஹெர்ஷ் வாசர். ஆனால் இடம் என்று ஒன்று இருந்தால்தானே? நோவொலிப்கி தெருவில் புனித அகுஸ்தீன் தேவாலயம் மட்டும் நின்றது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் செங்கல் மேடு. அவெர்பாக் விடவில்லை. இந்த இடிபாட்டுக்கு அடியில் ஒரு மக்களின் வரலாறு கிடக்கிறது, தோண்டுங்கள் என்று கூட்டங்களில் மன்றாடினார். பிழைத்தவர்களுக்குச் சோறும் கூரையும் தேடவேண்டிய காலத்தில் காகிதத்துக்காகவா செலவழிப்பது என்று தயங்கியவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் வெளிநாட்டு யூத அமைப்பின் பண உதவியோடு 1946 கோடையில் தேடல் தொடங்கியது. இடிபாட்டுக்குள் குடைந்து, நீண்ட கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். செப்டம்பர் 18 அன்று கம்பி உலோகத்தில் இடித்தது. பத்துப் பெட்டிகளும் கிடைத்தன.

தகரப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. நான்கு ஆண்டு ஈரம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, பூஞ்சை பிடித்து, கிளிப்புகள் துருவேறிக் கிடந்தன. ஒவ்வொரு தாளாகப் பிரித்து உலர்த்த வேண்டியிருந்தது. கெலேயின் சுமார் 300 ஓவியங்கள் பிழைத்தன. பால் கேன்களோ 1946இல் அகப்படவே இல்லை. நான்கு ஆண்டு கழித்துத் தொழிலாளர்களின் கையில் கிடைத்தபோது, அவற்றுக்குள் இருந்த காகிதம் பெட்டிகளில் இருந்ததைவிட நல்ல நிலையில் இருந்தது. பாலுக்குச் செய்த கேன், சொட்டு ஒழுகக் கூடாது. அந்த எளிய தொழில் அறிவுதான் கிஷெபிட்ஸ்கியின் சாட்சியத்தையும் ரபியின் உரைகளையும் படிக்கக்கூடிய நிலையில் நமக்குக் கொடுத்தது. ரபி ஷபிராவை 1943 நவம்பரில் கொன்றிருந்தார்கள். அவருடைய உரைகள் 1960இல் இஸ்ரேலில் நூலாக வந்தன.

இரண்டு பகுதியும் சேர்ந்து சுமார் 35,000 பக்கங்கள். இவை வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. போருக்கு முன் யூத நூலகமாக இருந்த கட்டடம் அது. 1943 மே 16 அன்று பக்கத்திலிருந்த பெரிய தொழுகைக்கூடத்தை நாஜிகள் வெடிவைத்துத் தகர்த்தபோது எரிந்த தடம் அதன் கூடத்துக் கல் தரையில் இன்றும் கறுப்பாக இருக்கிறது. யுனெஸ்கோ 1999இல் இந்தக் காப்பகத்தை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. முழுத் தொகுப்பையும் போலிஷ் மொழியில் பதிப்பிக்கும் வேலை 1990களில் தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட கனத்த தொகுதிகளாக விரிந்தது. பால் கேன்களில் ஒன்று யூத வரலாற்று நிறுவனத்திலேயே இருக்கிறது. மற்றது கடல் தாண்டி வாஷிங்டனில், 1993இல் திறந்த ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஷ்வியென்தோயெர்ஸ்காவில் புதைத்த மூன்றாம் பகுதி இருந்திருக்கக்கூடிய இடத்தில் இன்று சீனத் தூதரகம். 2003இல் அதன் வளாகத்தைத் தோண்டிப் பார்த்தும் காப்பகம் கிடைக்கவில்லை.

கேன்கள் வெளிவந்த வேளையில் அவெர்பாக் போலந்தை விட்டு இஸ்ரேலுக்குப் போயிருந்தார். 1954இல், இஸ்ரேலின் ஹோலோகாஸ்ட் நினைவு நிறுவனமான யாத் வஷெமின் சாட்சியங்கள் பிரிவுக்குத் தலைவரானார். பிழைத்தவர்களை உட்காரவைத்து, இடைமறிக்காமல், அவர்களுக்கு வந்த மொழியில் பேசவிட்டு எழுதச் சொன்னார். முகாமில் நடந்ததை மட்டும் கேட்கக் கூடாது, போருக்கு முன் இருந்த தெரு, வீடு, பள்ளி எல்லாவற்றையும் கேட்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. கொலையை மட்டும் எழுதினால், கொல்லப்பட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது விட்டுப்போகும் அல்லவா? ஆவணங்களையே நம்பிய வரலாற்றாசிரியர்கள் சிலர் வாய்மொழிச் சாட்சியத்தை இரண்டாந்தரமாகப் பார்த்த காலம் அது. அவர் அவர்களோடு சளைக்காமல் வாதாடினார். 1961இல் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு எருசலேமில் நடந்தபோது, யாரையெல்லாம் சாட்சியாக அழைக்கலாம் என்று அரசுத் தரப்பு தேடிய இடங்களில் முக்கியமானது அவருடைய பிரிவு. அவரும் கூண்டில் ஏறினார். வார்சா கெட்டோவில் மக்கள் என்ன எழுதினார்கள், என்ன படித்தார்கள், எதைப் பாடினார்கள் என்று சாட்சி சொன்னார்.